முப்பது சதவீதம் என்றால் எவ்வளவு? வறட்சியும் இலங்கையின் நீர்மின்சாரமும்

வெயில் மாதங்களில் இலங்கைச் செய்திகளில் ஓர் எண் தவறாமல் வரும். "மின் உற்பத்தி நீர்த்தேக்கங்களின் நீர்மட்டம் முப்பது சதவீதமாகக் குறைந்துள்ளது." கூடவே ஒரு படமும் வரும். மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றி, அதற்குள் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலும் பள்ளிவாசலும் சேற்றிலிருந்து தலைகாட்டும் படம். எண்ணையும் படத்தையும் பார்ப்பவருக்குத் தோன்றுவது ஒன்றுதான்: தண்ணீர் தீர்ந்தால் விளக்கு அணையும். நடப்பது அப்படி அல்ல. தண்ணீர் தீர்வதற்கு வெகு முன்பே மின்வெட்டு வரலாம். தண்ணீர் அடிமட்டத்தில் கிடக்கும்போதும் மின்வெட்டு இல்லாமல் நாட்கள் ஓடலாம். மீந்திருக்கும் தண்ணீர் எந்த மலையில், எந்த உயரத்தில், எந்த மாதத்தில், யாருடைய பங்காக நிற்கிறது என்பதுதான் விடயம். அந்த ஒற்றைச் சதவீதம் இவற்றில் எதையும் சொல்வதில்லை.

முதலில் அந்த எண்ணையே பிரித்துப் பார்ப்போம். மின்சார சபை கணக்கில் எடுப்பவை காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல, சமனலவெவ ஆகிய பெரிய நீர்த்தேக்கங்களை. சதவீதம் தண்ணீரின் கன அளவைக் குறிப்பதில்லை. அந்தத் தண்ணீர் கீழே இறங்கி முடிக்கும்போது எத்தனை அலகு மின்சாரம் தரும் என்பதைக் குறிக்கிறது. எல்லாம் நிரம்பி வான் பாயும் நிலையில் இருந்தால் சேமிப்பு 1,200 ஜிகாவோட் மணித்தியாலத்துக்குச் சற்று மேல். ஒரு ஜிகாவோட் மணித்தியாலம் என்பது பத்து இலட்சம் அலகு. நாட்டின் ஒரு நாள் தேவை இப்போது 40 ஜிகாவோட் மணித்தியாலத்தைத் தாண்டிவிட்டது. ஆக, ஒரு துளி மழையும் இல்லாமல், வேறெந்த மின் நிலையமும் இயங்காமல் நிரம்பிய நீர்த்தேக்கங்களை மட்டும் நம்பினால் நாடு ஒரு மாதம் ஓடும். முப்பது சதவீதம் என்றால் ஒன்பது நாள்.

பல ஆண்டுத் தண்ணீரைத் தேக்கிவைக்கும் மிகப் பெரிய அணைகள் உலகில் சில நாடுகளில் உண்டு. இலங்கையில் இல்லை. இங்குள்ளவை ஒரு பருவத்து மழையை அடுத்த பருவம் வரை கடத்திக் கொடுக்கும் பாத்திரங்கள், அவ்வளவே. அதனால் ஒரே ஒரு பருவமழை பொய்த்தாலும் பாதிப்பு உடனே தெரியும். 2013 நல்ல மழை ஆண்டு. அந்த ஆண்டு பெரிய நீர்மின் நிலையங்கள் தந்தது ஏறத்தாழ 6,000 ஜிகாவோட் மணித்தியாலம், அதாவது நாட்டின் மொத்த உற்பத்தியில் பாதி. கடும் வறட்சி நிலவிய 2017-இல் அதே நிலையங்கள் தந்தது ஏறத்தாழ 3,000. இதற்குள் தேவை வளர்ந்துவிட்டதால் பங்கு ஐந்தில் ஒன்றாகச் சுருங்கியது. இயந்திரங்கள் அவையே, அணைகளும் அவையே.

ஏப்ரல் வேறு, ஒக்டோபர் வேறு

முப்பது சதவீதம் ஏப்ரல் இறுதியில் வந்தால் அது பெரும்பாலும் திட்டமிட்டது. காசல்ரீயும் மவுசாகலையும் ஹற்றன், மஸ்கெலியா மலைகளில் தென்மேற்குப் பருவமழைக்கு நேரே நிற்பவை. மே கடைசியில் மழை பிடித்தால் கிடுகிடுவென ஏறும். அதற்கு முன் இடம் ஒழித்து வைக்காவிட்டால் வரும் நீர் வான் வழியே வழிந்து களனி கங்கையில் வீணாகப் போகும். ஏப்ரலில் அவற்றை நிரப்பி வைத்திருப்பது சிக்கனமல்ல, இழப்பு. அதே முப்பது சதவீதம் செப்டெம்பர் முடிவில் வந்தால் அர்த்தம் தலைகீழ். தென்மேற்குப் பருவம் முடிந்துவிட்டது, நிரப்ப வேண்டியது நிரப்பவில்லை, இனி ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவ மழையும் அதன்பின் வடகீழ்ப் பருவமழையும்தான் கதி.

திட்டமிடுபவர்களின் தலைவலியும் இங்கேதான். மழை வரும் என்று நம்பி நீரைச் செலவிட்டு மழை வராவிட்டால் மின்வெட்டு. வராது என்று பயந்து நீரைப் பிடித்துவைத்து, விலைகூடிய எண்ணெயை எரித்து, பிறகு மழை கொட்டினால் எரித்த எண்ணெயும் வீண், வழியும் நீரும் வீண். ஒவ்வொரு வாரமும் இந்த இரண்டு இழப்புகளையும் எடைபோட்டுத்தான் நீரின் ‘மதிப்பு’ கணக்கிடப்படுகிறது. எல் நினோ ஆண்டுகளில் இலங்கையில் பொதுவாக தென்மேற்குப் பருவத்தின் நடுமாதங்கள் மெலியும், ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரையான மழை வலுக்கும். கணிப்பவர்களுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும் போக்கு இது. ஆனால் ஜூலையில் காயும் வயலுக்கு நவம்பர் மழை உதவாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மழை இருபது சதவீதம் குறைந்தால் நீர்வரத்தும் இருபது சதவீதம் குறையும் என்று எண்ணுவது தவறு. காய்ந்த மண் முதல் மழையைத் தானே குடித்துவிடும். தேயிலைச் சரிவும் காடும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். நிலம் ஊறிய பிறகுதான் ஓடைகள் பெருகும். நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் இரண்டு, மூன்று நல்ல மழைகளில் நீர்த்தேக்க அளவுகோல் அசையாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். "மழை பெய்கிறதே, ஏன் இன்னும் மின்வெட்டு?" என்று மக்கள் கேட்பதும் அந்த நாட்களில்தான்.

அதற்கு மாறாக, ஆவியாதலைப் பலர் பெரிதாக நினைக்கிறார்கள். மலைநாட்டு அணைகளில் அது சிறு கணக்கு. விக்டோரியா நிரம்பியிருக்கும்போது நீர்ப்பரப்பு ஏறத்தாழ 22 சதுர கிலோமீட்டர். வெயில் நாளில் 5 மில்லிமீட்டர் ஆவியானாலும் போவது 1,10,000 கன மீட்டர். மூன்று இயந்திரங்களையும் முழு வீச்சில் ஓடவிட்டால் அந்தத் தண்ணீர் கால் மணி நேரத்துக்குத்தான் காணும்.

உயரம்தான் மின்சாரம்

ஒரு கன மீட்டர் தண்ணீர் 417 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், குழாயிலும் சுழலியிலும் மின்பிறப்பாக்கியிலும் இழப்பவை போக, ஓர் அலகு மின்சாரம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஓர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் வறட்சியின் பாதிக் கதை விளங்கும்.

காசல்ரீ நீர் முதலில் விமலசுரேந்திர நிலையத்தில் இறங்குகிறது. பிறகு நோர்ட்டன் குளம் வழியாகப் பழைய லக்ஷபானவில், அதன்பின் பொல்பிட்டியவில். மவுசாகலை நீருக்குக் கெனியன், புதிய லக்ஷபான, பிறகு அதே பொல்பிட்டிய. இரண்டு சங்கிலிகளிலும் மொத்த வீழ்ச்சி 900 மீட்டருக்கு மேல். அங்குள்ள ஒரு கன மீட்டர், கீழே போய்ச் சேருமுன் இரண்டு அலகுக்கு மேல் தந்துவிடும். மகாவலி கங்கையிலுள்ள ரந்தெனிகலவில் நிற்கும் ஒரு கன மீட்டருக்கு மீந்திருப்பது ரந்தெனிகலவின் 78 மீட்டரும் அதற்குக் கீழேயுள்ள ரந்தம்பேயின் 32 மீட்டரும் மட்டுமே, அதாவது கால் அலகு. கொள்ளளவில் ரந்தெனிகல மவுசாகலையைப் போல் ஏழு மடங்கு பெரியது. மின்சாரமாக எண்ணினால் மவுசாகலைதான் பெரிய பாத்திரம். மகாவலிப் பக்கம் நல்ல மழை, மஸ்கெலியாப் பக்கம் வறட்சி என்றால் படத்தில் நீர் ததும்பும், கணக்கில் பற்றாக்குறை இருக்கும்.

மட்டம் இறங்கும்போது இன்னொரு வகையிலும் அடி விழுகிறது. விக்டோரியா நிரம்பிய மட்டம் கடலிலிருந்து 438 மீட்டர், இயக்கக்கூடிய மிகத் தாழ்ந்த மட்டம் 370. நீர் விழும் உயரமே 190, 200 மீட்டர் என்னும்போது, இந்த 68 மீட்டர் போனால் மூன்றில் ஒரு பங்கு போனது. நிரம்பிய நிலையில் ஓர் அலகுக்கு 2.2 கன மீட்டர் போதும். அடிமட்டத்தில் 3.3 கன மீட்டர் வேண்டும். உயரம் குறைந்தால் குழாய்க்குள் நீர் பாயும் வேகமும் குறையும் என்பதால், 210 மெகாவோட் என்று பெயர்ப்பலகையில் இருந்தாலும் அந்தத் திறன் வெளியே வராது. மேலும் அணைகள் கட்டிய பள்ளத்தாக்குகள் கீழே போகப் போகக் குறுகுபவை. மேல் பத்து மீட்டரில் இருக்கும் தண்ணீர் கீழ்ப் பத்து மீட்டரில் இருக்காது. ஆகவே வறட்சியின் கடைசி வாரங்களில் மட்டம் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட வேகமாக இறங்குவதாகத் தெரியும். யாரோ தண்ணீரைத் திருடுகிறார்கள் என்ற பேச்சும் அப்போது எழும். அது பள்ளத்தாக்கின் வடிவம்.

அடிமட்டத்தைத் தாண்டி இயக்கினால் என்ன ஆகும்? நீர் உள்ளே போகும் வாய்க்கு மேல் போதிய ஆழம் இல்லாவிட்டால் சுழி உண்டாகும், காற்றையும் சேர்த்து உறிஞ்சும். அடியில் கிடக்கும் வண்டலும் குப்பையும் தடுப்புக் கம்பிகளை அடைக்கும். பிரான்சிஸ் வகைச் சுழலிகள் குறிப்பிட்ட உயரத்துக்கும் குறிப்பிட்ட நீரோட்டத்துக்கும் வடிவமைத்தவை. உயரம் குறைந்து, பாதிச் சுமையிலும் ஓடவிட்டால் வெளியேறும் குழாய்க்குள் நீர் கயிறுபோல் முறுகிச் சுழன்று இயந்திரத்தையே அதிரவைக்கும். சுழலி இதழ்களின் மேல் நீராவிக் குமிழ்கள் உண்டாகி உடைந்து உருக்கைப் பொத்தல் பொத்தலாக அரிக்கும். அப்படி அரித்த சக்கரத்தைக் கழற்றிப் பற்றவைத்துத் தேய்த்துச் சீராக்க மாதங்கள் ஆகும், அதுவும் மழை வந்து இயந்திரம் வேண்டியிருக்கும் நேரத்தில். அடிமட்டம் என்பது அதிகாரிகள் போட்ட கோடு அல்ல, இயந்திரம் போட்ட கோடு.

அணையில்லாத சிறு நீர்மின் நிலையங்களின் நிலை சுருக்கமாகச் சொல்லிவிடக்கூடியது. இரத்தினபுரி, நுவரெலியா, கேகாலை மலைகளில் தனியாரிடம் உள்ளவை மொத்தம் ஏறத்தாழ 400 மெகாவோட். ஓடையில் நீர் ஓடினால் மின்சாரம், ஓடாவிட்டால் இல்லை. வறட்சியில் எல்லாம் ஒருசேரப் படுத்துவிடும்.

தண்ணீருக்கு மூன்று உரிமைக்காரர்

இருக்கும் நீர் முழுவதும் மின்சார சபையின் கையிலும் இல்லை. வழக்கிலுள்ள முன்னுரிமை குடிநீர், பிறகு பாசனம், கடைசியில் மின்சாரம். மகாவலியில் எந்த வாரம் எங்கே எவ்வளவு விடுவது என்பதை மகாவலி அதிகார சபை, நீர்ப்பாசனத் திணைக்களம், மின்சார சபை எல்லாம் கூடித்தான் முடிவு செய்கின்றன.

பொல்கொல்லையில் இந்த இழுபறி நன்றாகத் தெரியும். கண்டிக்குக் கீழே உள்ள அந்த அணைக்கட்டில் மகாவலி இரண்டாகப் பிரியும். ஒரு பங்கு எட்டு கிலோமீட்டர் சுரங்கம் வழியாக உக்குவளை நிலையத்துக்குப் போய், அங்கிருந்து போவத்தென்ன சென்று, கலாவெவ உட்பட வடமத்திய மாகாணக் குளங்களை நிரப்பும். மறுபங்கு ஆற்றோடு விக்டோரியாவுக்குப் போகும். விக்டோரியா வழியே போகும் நீர் ரந்தெனிகல, ரந்தம்பே என்று மொத்தம் 300 மீட்டர் விழும். உக்குவளை வழியே போவதற்கு அங்கே 75, 80 மீட்டர். போவத்தென்னையில் சுழலியைக் கடக்கும் பங்குக்கு மட்டும் மேலும் ஓர் ஐம்பது மீட்டர். வடக்கே திருப்பும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் மின்சாரத்தில் அரை அலகு அளவுக்கு இழப்பு. நல்ல ஆண்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள். வறட்சியில் அது வயலா விளக்கா என்ற கேள்வியாகிவிடும். எங்கள் கருத்தில் இதை இழப்பு என்று மட்டும் எழுதுவது நியாயமல்ல. மகாவலித் திட்டத்தின் நோக்கங்களில் பாசனம் முதன்மையானது. அந்த நீரை நம்பித்தான் குடும்பங்கள் அங்கே குடியேறின.

களனிப் பக்கம் குடிநீர். கொழும்புக்கான நீரில் பெரும்பகுதி அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆறு மெலிந்தால் கடல்நீர் உள்ளே ஏறி நீரெடுக்கும் இடத்தை எட்டிவிடும். அதைத் தள்ளி நிறுத்த ஆற்றில் ஓரளவு ஓட்டம் வேண்டும். மேலே காசல்ரீயும் மவுசாகலையும் திறக்கும் நீர் அந்த வேலையையும் செய்கிறது. மின்சாரத்துக்குத் தேவையில்லாத நேரத்திலும் லக்ஷபான இயந்திரங்கள் ஓட வேண்டியிருப்பதன் காரணம் சில நாட்களில் இதுதான்.

கடைசித் தண்ணீர் எதற்கு?

இலங்கையின் மின்கட்டமைப்பு தனித் தீவு. தமிழ்நாட்டில் மேட்டூர் வற்றினால் இந்தியத் தேசியக் கட்டமைப்பிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். இங்கே அயலில் கைகொடுக்க யாரும் இல்லை. இந்தியாவுடன் மின்தொடர் அமைப்பது பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது.

தனித் தீவில் மின்சாரத்தின் அளவைவிடச் சமநிலை முக்கியம். ஒவ்வொரு வினாடியும் உற்பத்தியும் பாவனையும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் 50 ஹேர்ட்ஸ் அதிர்வெண் நகரும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் 300 மெகாவோட் இயந்திரங்கள் மூன்று. நள்ளிரவில் நாட்டின் தேவை தாழ்ந்திருக்கும்போது அதில் ஒன்று திடீரென நின்றால், மொத்த உற்பத்தியில் பெரும் துண்டொன்று ஒரே வினாடியில் காணாமல் போகிறது. நீராவி நிலையங்களால் அவ்வளவு வேகமாக ஏற முடியாது. மதகைக் கொஞ்சம் கூடத் திறந்து சில வினாடிகளில் பளுவைத் தூக்கக்கூடியவை நீர்மின் இயந்திரங்கள்தான். விக்டோரியாவும் கொத்மலையும் சமனலவெவவும் காலங்காலமாக இந்த வேலையைச் செய்பவை. வறட்சியில் இயங்கும் நீர்மின் இயந்திரங்களின் எண்ணிக்கை குறைவதால் இந்தத் தாங்கும் சக்தியும் குறைகிறது. அப்போது அனல்மின் இயந்திரம் ஒன்று நின்றால் அதிர்வெண் மளமளவென விழும். துணைமின் நிலையங்களில் உள்ள தானியங்கி ரிலேக்கள் ஊர் ஊராக இணைப்பைத் துண்டிக்கும். அறிவிக்காமல் வரும் மின்வெட்டுகளில் பல இத்தகையவை. நீர்மட்டம் அதற்கு நேரடிக் காரணமாக இராது, மறைமுகக் காரணமாக இருக்கும்.

நாடே இருண்டுபோனால் மீண்டும் தொடங்குவதற்கும் நீர் வேண்டும். அனல் நிலையத்தை எழுப்ப வெளியிலிருந்து மின்சாரம் தேவை. நீர்மின் நிலையம் சிறிய டீசல் இயந்திரத்தின் துணையோடு தானே எழுந்துவிடும். அணையை ஒட்ட வடிக்காமல் ஒரு பங்கை எப்போதும் கைதொடாமல் வைப்பது இதற்காகவும்தான். முப்பது சதவீதம் இருந்தும் ஏன் மின்வெட்டு என்ற கேள்விக்கு ஒரு பதில் இங்கே இருக்கிறது. அந்த முப்பதில் ஒரு பகுதி இயந்திரக் காப்பு, ஒரு பகுதி பாசனத்தின் பங்கு, ஒரு பகுதி கட்டமைப்பின் காப்பு.

வறட்சி கடுமையாகும்போது கட்டுப்பாட்டு நிலையத்தில் வேலை பொதுவாக இப்படி நகரும். முதலில் பகலில் நீர்மின் இயந்திரங்களை நிறுத்தி, மாலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரையான உச்ச நேரத்துக்கு நீரை ஒதுக்குவார்கள். நிலக்கரி இயந்திரங்களின் பராமரிப்பைத் தள்ளிப்போடுவார்கள். இதில் ஆபத்து உண்டு. தள்ளிப்போட்ட கொதிகலன் குழாய் வேண்டாத நேரத்தில் வெடிக்கும். பிறகு களனிதிஸ்ஸ, கெரவலப்பிட்டிய போன்ற எண்ணெய் நிலையங்கள் இரவு பகலாக ஓடும். அடுத்து, சொந்த டீசல் இயந்திரம் வைத்திருக்கும் ஆலைகளையும் ஹோட்டல்களையும் உச்ச நேரத்தில் அவற்றை ஓட்டச் சொல்வார்கள். பிறகு சில மாதங்களுக்கு வாடகைக்கு எடுத்த இயந்திரங்களின் மின்சாரம். அதுவும் போதாவிட்டால் வலயம் வலயமாக மின்வெட்டு. 1996-இல் நாளுக்கு எட்டு மணித்தியாலம் வரை போனது. நாடு ஏறக்குறைய முழுவதும் நீரையே நம்பியிருந்த காலம் அது. 2001–2002-இல் மறுபடி நீண்ட மின்வெட்டு. 2019 மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் சில வாரங்கள்.

நீர் தராத மின்சாரத்தை எண்ணெயில் எடுத்தால் விலை என்ன? நல்ல டீசல் வகை இயந்திரம் ஓர் அலகுக்கு 210 கிராம் அளவு உலை எண்ணெய் குடிக்கும். ஒரு ஜிகாவோட் மணித்தியாலத்துக்கு 210 தொன். 2013-க்கும் 2017-க்கும் இடையிலான 3,000 ஜிகாவோட் மணித்தியால வித்தியாசத்தை முழுக்க எண்ணெயால் நிரப்பினால் ஆறு இலட்சம் தொன்னுக்கு மேல். அத்தனையும் டொலரில் வாங்கவேண்டியது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலத்தை எட்டியபோது அணைகளில் நீர் குறைவு என்பது பாதிக் காரணம்தான். நீர் குறைந்தபோது எரிக்க எண்ணெய் இல்லை, எண்ணெய் வாங்க டொலர் இல்லை. மழையில்லாத ஆண்டும் காசில்லாத ஆண்டும் ஒன்றாக வந்தால் அப்படித்தான் ஆகும்.

நிலக்கரியிலும் ஒரு பருவக் கணக்கு ஒளிந்திருக்கிறது. நுரைச்சோலைக் கரையில் தென்மேற்குப் பருவக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். கப்பலிலிருந்து நிலக்கரி இறக்க முடியாது. ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை இறக்கிக் குவித்ததை வைத்துத்தான் மழைக்காலம் முழுவதும் ஓட்ட வேண்டும். அந்த மாதங்களில் நீர் தாராளமாக வரும், நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கலாம் என்பது வழமையான நம்பிக்கை. மழை பொய்த்து, காற்று மட்டும் அடித்துக் கடல் கொந்தளித்தால் இரண்டு பக்கமும் அடைபடும்.

சூரியசக்தி இதில் உண்மையான உதவி. கூரைகளில் பொருத்தியவை மட்டும் ஆயிரம் மெகாவோட்டைத் தாண்டிவிட்டன. மேகமில்லாத வறட்சி நாட்களில்தான் அவை நன்றாகத் தரும். நண்பகலில் நீர்மின் இயந்திரங்களை நிறுத்தி அந்த நீரை மாலைக்கு வைக்கலாம். ஆனால் அதிர்வெண்ணைத் தாங்கும் கனமான சுழலும் இரும்பு அவற்றில் இல்லை, ஆகவே சில இயந்திரங்கள் பகலிலும் ஓடத்தான் வேண்டும். நீரேற்று மின் நிலையம் இன்னும் பொருத்தமானது. பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் கீழ்க்குளத்து நீரை மேலேற்றி, மாலையில் இறக்குவது. ஏற்றி இறக்குவதில் நான்கில் ஒரு பங்கு வரை ஆற்றல் போனாலும், அதே நீர்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது, புதிய மழை பெரிதாக வேண்டாம். கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவோட் நிலையம் 1980-களின் இறுதியிலிருந்து இருக்கிறது. இலங்கையில் மகா ஓயாவில் 600 மெகாவோட் திட்டம் காகிதத்தில் நிற்கிறது. அது முன்னரே எழுந்திருக்க வேண்டும்.

தெற்குக்கு மட்டும் ஏன்?

2023 ஜூலை, ஆகஸ்டில் நடந்தது வறட்சி ஒரு பிராந்தியத்தை மட்டும் எப்படிப் பிடிக்கும் என்பதைக் காட்டியது. வளவை கங்கைக்குக் குறுக்கே பலாங்கொடைக்கு அருகில் சமனலவெவ. 120 மெகாவோட். கீழே உடவளவ நீர்த்தேக்கம், அதை நம்பிச் சிறுபோக நெல். உடவளவ வற்றியது. சமனலவெவ நீரைத் திறந்துவிடுங்கள் என்று விவசாயிகள் போராடினார்கள். திறந்துவிட்டால் தென் பகுதிகளில் மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு வரும் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார்.

கேட்பவருக்கு இது புரியாது. சமனலவெவ நீர் சுழலி வழியாகத்தானே உடவளவைக்குப் போகிறது? திறந்துவிட்டால் 320 மீட்டர் விழுந்து மின்சாரமும் வரும், வயலுக்கு நீரும் போகும், இரண்டு பேருக்கும் இலாபம் அல்லவா? இன்றைக்கு இலாபம்தான். பிரச்சினை மூன்று வாரம் கழித்து. இரவும் பகலும் ஓடவிட்டுத் தீர்த்துவிட்டால் அதன்பிறகு தெற்கில் நிற்க இயந்திரம் இல்லை.

நாட்டின் மற்றப் பக்கத்தில் மின்சாரம் இருந்தால் கம்பி வழியே அனுப்பலாமே என்று கேட்கலாம். மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கத்துக்குப் போகும் பழைய 132 கிலோவோல்ட் வழித்தடங்கள் நீளமானவை. நீண்ட கம்பியின் கடைக்கோடியில் பாவனை கூடினால் மின்னழுத்தம் சரியும். அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கத் தேவையான ஆற்றலைத் தூரத்திலிருந்து அனுப்ப முடியாது, அருகில் ஓர் இயந்திரம் சுழன்றுதான் கொடுக்க வேண்டும். தெற்கில் அந்த இயந்திரம் சமனலவெவ. அது இல்லாமல் மாலை உச்சத்தில் அழுத்தம் சரிந்தால், மோட்டார்களும் குளிரூட்டிகளும் இன்னும் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும், அழுத்தம் மேலும் சரியும், கடைசியில் பகுதி முழுவதும் விழும். அதைத் தவிர்க்க முன்கூட்டியே ஒரு பகுதியை வெட்ட வேண்டும். நாட்டில் மின்சாரம் போதுமானதாக இருந்தும் ஒரு மாகாணத்துக்கு மட்டும் மின்வெட்டு என்பது இப்படித்தான் வருகிறது. யாழ்ப்பாணத்தில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். 2013-இல் கிளிநொச்சி வழியாகத் தேசியக் கட்டமைப்பு சுன்னாகத்தை எட்டும் வரை குடாநாடு உள்ளூர் டீசல் இயந்திரங்களில் ஓடியது. மலைநாட்டில் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அங்கே மின்சாரம் எண்ணெய்தான்.

சமனலவெவவுக்கு இன்னொரு குறையும் உண்டு. 1992-இல் நீர் நிரப்பியது முதல் வலது கரை மலைக்குள் கசிவு. வினாடிக்கு இரண்டு கன மீட்டர் அளவு. சுழலியைத் தொடாமல் போகும் அந்த நீர் மின்சாரக் கணக்கில் நாளுக்கு 1,30,000 அலகு இழப்பு. ஆனால் அது கல்தொட்ட வயல்களுக்குப் போய்ச் சேர்கிறது. கசிவை அடைத்தாலும் அந்த வயல்களுக்கு அணையிலிருந்து நீர் கொடுத்தே ஆக வேண்டும்.

அமைச்சரவை இறுதியில் நீரைத் திறக்க முடிவு செய்தது. தெற்கின் மின்னழுத்தத்தைத் தாங்க எம்பிலிப்பிட்டியவில் 100 மெகாவோட் எண்ணெய் மின்சாரத்தை அவசரமாக வாங்க ஒப்புதல் கிடைத்தது. அதற்குள் பல ஏக்கர் நெல் கருகிவிட்டது. வலுவான இடைப்பருவ மழை வந்து ஆண்டு முடிவதற்குள் அணைகள் நிரம்பின. பொல்பிட்டியவிலிருந்து அம்பாந்தோட்டைக்குப் போக வேண்டிய 220 கிலோவோல்ட் வழித்தடம் உரிய காலத்தில் முடிந்திருந்தால், சமனலவெவ நீரை ஜூலையிலேயே தயங்காமல் திறந்திருக்கலாம். உடவளவைக்கு அந்தச் சிறுபோகத்தில் தண்ணீர் பிந்தியதற்கு மழை மட்டும் காரணமல்ல, முடியாமல் கிடந்த அந்தக் கோபுர வரிசையும் காரணம்.